கந்தகம் தூவுகிறவள்

எரிமலை கக்குவதைப் போலவே வெயிலை மறைக்க வானத்தின் உச்சியில் கந்தகம் தூவும் விமானத்தை ஓட்டுபவள் ஜெசிந்தா. அவள் பறக்கத் தொடங்கிய பிறகுதான் தூத்துக்குடியில் வெக்கைச் சாவுகள் நின்றன. ஆனால் அந்தக் கந்தகம், கண்ணைக் கெடுக்கும் கதிர்களைத் தடுக்கிற ஓசோன் படலத்தையும் அரித்துவிட்டது. கடலில் வலை வீசிய அவள் கணவன் லூர்துவின் கண்கள் நாற்பது வயதுக்குள் அவிந்துபோயின. டாக்டர் தனியாகச் சொன்ன காரணத்தை அவள் அவனிடம் சொல்லவில்லை.

அன்று காலை சீருடையோடு வாசலில் நின்றுவிட்டாள். "நான் இனிமே பறக்கப் போவலங்க."

"ஏன் ஜெசி? பழைய வெக்கை வந்துருமே. எத்தனை பச்சப்புள்ளைங்க சுருண்டு செத்துச்சு, மறந்துட்டியா?" லூர்து தடவித் தடவி அவள் கையைப் பிடித்தான். "என் கண்ணு போனது என் விதி. உன்னாலதான் ஊரே குளுந்து கெடக்கு."

பள்ளிக்கூடம் கிளம்பிய மகளின் முகத்தில் கறுப்புக் கண்ணாடியை இறுக்கி மாட்டிவிட்டு, விமானத்தளத்துக்கு நடந்தாள்.