யார் தூக்கிய கை?

"கையைத் தூக்கினது யாருன்னு மட்டும் தெரிஞ்சா, நேராப் போய் அவங்க கால்லயே விழுந்துடுவேன்டி!"

உரலில் நெல்லைக் குத்திக்கொண்டே புலம்பினான் பிராங் லா.

"விழுங்க, யாரு வேண்டாம்னா? இப்ப உமி பறக்குது, பார்த்துக் குத்துங்க" என்றாள் அவன் மனைவி செங் காய்.

குடித்துவிட்டுக் கலாட்டா செய்ததற்காக அவனைத் திருச்சபையிலிருந்து நீக்கி ஒரு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து அரிசிச் சாராயத்தை அவன் மோந்துகூடப் பார்க்கவில்லை. ஆனாலும் திரும்பச் சேர்ந்தபாடில்லை. அந்தக் கச்சின் மலைக் கிராமத்துச் சபையின் வழக்கம் அப்படி. சபையார் எல்லோரும் தலை குனிந்து கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். 'சம்மதம் இல்லாதவங்க கையைத் தூக்குங்க' என்பார் போதகர். ஒரே ஒரு கை எழுந்தாலும் விஷயம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போய்விடும். யார் கை என்பது போதகர் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். அவரோ வாயைத் திறக்க மாட்டார்.

போன இரண்டு கூட்டத்திலும் ஒரே ஒரு கை எழுந்திருந்தது.

"ஜாவ் து அண்ணனாத்தான் இருக்கும்."

"ஏன் இருக்காது? அவரு பன்னிக்குட்டிக்குச் சாராயம் ஊத்தி விட்டது நீங்கதானே! அறுப்பின் பண்டிகை அன்னிக்கு ஆலயப் படியில அது நாலு காலையும் நீட்டிக் கிடந்ததை ஊரே பார்த்துச்சே."

"அதுக்குத்தான் அவருக்கு வேலி கட்டிக் கொடுத்துட்டேனே. ஒருவேளை லாஷிப் பாட்டியோ? அந்தம்மாவுக்கும் கூரை மேஞ்சு கொடுத்தாச்சு. இன்னும் என்னடி செய்யணும் நான்? விறகு கொண்டு வர்றேன், தண்ணி சுமக்கறேன். ஆம்பளை நெல்லுக் குத்தறான்னு ஊரே கைகொட்டிச் சிரிக்குது."

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும். குத்துங்க."

செங் காய் அடுப்பை ஊதினாள். போன வருஷம் இந்த வேளையில் அவள் கையில் பந்தத்தோடு ஒவ்வொரு பள்ளமாக எட்டிப் பார்த்து அவனைத் தேடிக்கொண்டிருப்பாள். இப்போது வீட்டுக்குள் உலக்கைச் சத்தம். அதைக் கேட்டுக்கொண்டே சோறாக்குவது அவளுக்குப் பழகிவிட்டிருந்தது.

பிராங் லா உலக்கையை நிறுத்தினான். குரல் இறங்கிப்போயிற்று.

"அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை நம்ம லூ நூ ஆத்துல ஞானஸ்நானம் எடுக்கறா. முங்கி எழுந்து வர்ற பிள்ளைக்கு, முழங்கால் தண்ணியில நின்னு கம்பளி போர்த்தறவன் அப்பன்தானே? நாளைக்குக் கூட்டத்துல என்னைச் சேர்த்துக்கலைன்னா நான் கரையில நிக்கணும். என் பொண்ணுக்கு வேற எவனோ போர்த்துவான்."

உள்ளேயிருந்து மகளின் குரல் வந்தது. "கவலைப்படாதீங்கப்பா! உங்களைச் சேர்த்துக்கற வரைக்கும் நான் தண்ணியை விட்டு எழுந்திரிக்கவே மாட்டேன்."

"விறைச்சுப் போயிடுவே, கழுதை!" என்று சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

செங் காய் அவனைத் திரும்பிப் பார்த்தாள். "முன்னால ஒருவாட்டி உங்களைத் திரும்பச் சேர்த்துக்கிட்டாங்களே, ஞாபகம் இருக்கா? 'என்னைச் சேர்த்துக்கிட்டாங்கடோய்'னு அன்னிக்கே குடிச்சுக் கொண்டாடினீங்க."

"அது அப்ப. அப்ப நான் ஆண்டவர் வீட்டுல இருந்தேன். ஆண்டவர் என் வீட்டுல இல்ல."

அவள் அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள். சோறு பொங்கிவிட்டது.

மறுநாள் ஆராதனை முடிந்து சபைக் கூட்டம் கூடியது. பிராங் லா வழக்கம்போல வாசலுக்கு வெளியே குந்தியிருந்தான். உள்ளே எல்லோரும் தலை குனியத் தயாரானபோது போதகர் கையமர்த்தினார்.

"இருங்க, இருங்க. போன தடவை கண்ணை மூடச் சொன்னா, ரெண்டு பேர் குறட்டையே விட்டுட்டீங்க. செங் காய், நீ போய் ஆர்மோனியத்துல உக்காரும்மா. தூக்கம் வராத பாட்டா ஒண்ணு வாசி. நான் ஆமென் சொல்ற வரைக்கும் நிறுத்தக் கூடாது."

"நானா ஐயா? வாசிச்சு ரொம்ப நாளாச்சே!"

"தப்பா வாசிச்சா இன்னும் நல்லது. ஒருத்தரும் தூங்க மாட்டாங்க."

கூட்டம் சிரித்தது. செங் காய் தயங்கித் தயங்கிப் போய் உட்கார்ந்தாள். காலால் துருத்தியை மிதித்து, இரண்டு கையாலும் பழைய கீர்த்தனை ஒன்றை வாசிக்கத் தொடங்கினாள். கண்கள் மூடின. தலைகள் குனிந்தன. வெளியே பிராங் லா மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

"சம்மதம் இல்லாதவங்க கையைத் தூக்குங்க."

ஆர்மோனியம் ஒரு இடத்தில் தடுமாறி, மறுபடி பிடித்துக்கொண்டது.

"ஆமென்! ஒரு கையும் எழும்பலை. பிராங் லா, உள்ள வாப்பா!"

ஓடி வந்தவன் நேராக ஜாவ் துவைக் கட்டிக்கொண்டான். "அண்ணே, மன்னிச்சிட்டீங்களா? இனிமே உங்க மனசு நோகற மாதிரி நடக்க மாட்டேண்ணே!"

"அட, விடுப்பா! நான் எப்ப உனக்கு எதிராக் கையைத் தூக்கினேன்? மூணு கூட்டத்துலயும் உனக்காக ஜெபமில்ல பண்ணிட்டிருந்தேன்!"

"நானுந்தான்டா" என்றாள் லாஷிப் பாட்டி.

லூ நூ அப்பாவின் கையைப் பிடித்துக் குதித்தாள். சபையே அவர்களைச் சூழ்ந்துகொண்டது. அந்தக் களேபரத்தில் போதகர் மெல்ல ஆர்மோனியத்தின் பக்கம் வந்து குனிந்தார்.

"கோவிச்சுக்காதேம்மா செங் காய். ரெண்டு கையும் கட்டையில இருந்தாத்தான் ஒண்ணு மேல எழும்பாதுன்னு எனக்கு வேற வழி தெரியலை."

அவள் சால்வை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு முணுமுணுத்தாள்: "உள்ள விட்டுட்டீங்களே ஐயா... அவரு வெளியே நின்ன இந்த ஒரு வருஷந்தானே எங்க வீடு பரலோகமா இருந்துச்சு!"