வாப்பா பார்க்கிற நேரம்

கீழக்கரையில் ஜும்ஆ முடிந்த மதியம். கரண்ட் இல்லை. இன்வெர்ட்டரில் ஓடும் விசிறிக் காற்றில் திரை அசைய, வெயில் தரையில் தண்ணீர் போல் நெளிகிறது. அலமாரியில் அஃப்ரித்தின் பேட்டரி செத்த பழைய லேப்டாப்பும் அதே இன்வெர்ட்டரில் அணையாமல் ஓடுகிறது. குடும்பத்துப் போட்டோக்களையெல்லாம் அதில் சேர்த்துவைத்துவிட்டுத்தான் ஷார்ஜாவுக்குப் போனான். அங்கிருந்து அவன் அவற்றைத் திறக்கும்போதெல்லாம் இங்கே அதன் ஓரத்துப் பச்சை விளக்கு மினுங்கும். மனைவி சூஃபியாவோடு சண்டை. ஒரு வாரமாகப் பேச்சில்லை. இப்போது விளக்கு மினுங்குகிறது. “உம்மா, வாப்பா பாக்குறாக!” என்கிறாள் மகள் லாமியா. மினுங்கல் நிற்கவேயில்லை. சார்ஜ் தீரப்போவதாக இன்வெர்ட்டர் கீச்சிடுகிறது. சூஃபியா எழுந்துபோய் விசிறியை நிறுத்துகிறாள். தரையில் வெயில் அசையாமல் நிற்கிறது. “வேர்க்குதும்மா.” “பொறுத்துக்க தங்கம். வாப்பா பாத்து முடிக்கட்டும்.”