ஒரு மணி நேர ஜெயில்

தகரத் தட்டுக்கு அடியில் சாவி இல்லை.

கேமரா திரையில் அதைப் பார்த்ததும் ஜாவித் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். ஆட்களை உள்ளே விட்டுப் பூட்டுவதற்கு முன், கைதியின் சாப்பாட்டுத் தட்டுக்கு அடியில் சாவியை வைப்பது அவன் வேலை. வைத்ததாகத்தான் ஞாபகம். ஆனால் தாமரை என்ற அந்தப் பெண் தட்டைத் தூக்கிப் பார்த்தாள், கீழே போட்டாள், கட்டிலுக்கு அடியில் தேடப் போய்விட்டாள்.

கிள்ளான் நகரத்தில் ஒரு பேரங்காடியின் மூன்றாவது மாடியில், போலிங் தளத்துக்கும் கரோக்கே அறைகளுக்கும் நடுவில் இருக்கிறது அந்த 'ஜெயில்'. காசு கொடுத்து உள்ளே போகிறவர்கள் துப்புத் துலக்கி, சாவியைக் கண்டுபிடித்து, தப்பி வர வேண்டும். பக்கத்து ஊரான தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்துப் பெண்கள் நான்கு பேர் போலிங் ஆடி முடித்த கையோடு சிரித்துக்கொண்டே வந்திருந்தார்கள்.

வழக்கம்போல் அவர்களின் கைப்பேசிகளை வாங்கி லாக்கரில் பூட்டினான். வழக்கம்போல் விதியைச் சொன்னான். மொத்தம் ஒரு மணி நேரம். சாவி கிடைக்காவிட்டால் அதுவரை உள்ளிருந்து யாரும் வெளியே வர முடியாது. வெளியிலிருந்தும் யாரும் உள்ளே வர முடியாது.

"யாருமேவா?" என்று கேட்டாள் தனலெட்சுமி. நால்வரில் அவள்தான் மெலிந்தவள். வெளியே அடிக்கிற வெக்கையிலும் முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள்.

"யாருமே முடியாதுக்கா."

பயந்துட்டா லா, இவளை மட்டும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு நாம் சாப்பிடப் போய்விடலாம் என்று தாமரை கேலி செய்தாள். எல்லோரும் சிரித்தார்கள். தனலெட்சுமியும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக.

இப்போது ஜாவித்தின் கவலை அவள்தான். உள்ளே போனதும் எல்லோருக்கும் முன்னால் அந்தத் தட்டைத் தூக்கிப் பார்த்தவள் அவள். ஒன்றுமில்லை என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டு, மூலையில் செருப்பைக் கழற்றிப் போட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு அசையவே இல்லை.

போன மாதம் இதே அறையில் ஒரு பெண் மூச்சுத் திணறி விழுந்தாள். ஆம்புலன்ஸ் வந்தது. இன்னொரு முறை இப்படி நடந்தால் நீ வேலைக்கு வரவே வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். வேலையைவிட, அந்தப் பெண்ணின் நீலம் பாய்ந்த உதடுகள்தான் ஜாவித்தை இன்னும் தூங்கவிடவில்லை.

லாக்கருக்குள் ஒரு கைப்பேசி அதிர்ந்தது. நின்றது. மறுபடியும் அதிர்ந்தது. அது ஓய்வதாக இல்லை.

அப்போதுதான் ஒருவர் வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, கையில் பிளாஸ்டிக் பையில் கட்டிய மைலோ ஐஸ் பானம். பெயர் சுகுமாறன், தனலெட்சுமியின் கணவன் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அவள் கைப்பேசி இங்கேதான் இருப்பதாக என் கைப்பேசி காட்டுகிறது, ஆனால் எடுக்கவில்லை, அதனால்தான் பதறிப்போய் ஓடி வந்தேன் என்றார். மூடிய அறை அவளுக்கு ஒத்துக்கொள்ளாதாம்.

"எங்கிட்ட சொல்லாமயே வந்துட்டா, தம்பி. எது ஆகும், எது ஆகாதுன்னு அவளுக்கே தெரியாது."

ஜாவித் திரையை அவர் பக்கம் திருப்பினான். தனலெட்சுமியின் தலை தோளில் சரிந்து கிடந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. மடியில் வலது கை மட்டும் இறுக மூடியிருந்தது. மற்ற மூவரும் தேடுகிற மும்முரத்தில் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சுகுமாறன் பார்த்துக்கொண்டே நின்றார். மைலோ பையின் வெளியே வியர்த்த நீர் மேசையில் சொட்டியது.

"திறங்க," என்றார்.

நேரம் பாதிகூட ஆகவில்லை. ஆனால் சாவியை வைக்க மறந்தவன் அவன். இந்தப் பெண்ணுக்கு உள்ளே ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பாவமும் அவன் தலையில்தான். ஜாவித் அவசரப் பொத்தானை அழுத்தினான்.

விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. கம்பிக் கதவு விலகியது. இன்னும் டைம் இருக்கு லா பாஸ் என்று முறைத்த தாமரையைத் தாண்டிக்கொண்டு அவன் மூலைக்கு ஓடினான்.

தனலெட்சுமி கண்ணைக் கசக்கிக்கொண்டு நிமிர்ந்தாள். மயக்கமில்லை, ஒன்றுமில்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கி எழுந்த முகம். பிறகு ஜாவித்தின் தோளுக்கு மேலாக வாசலைப் பார்த்தாள். சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

சுகுமாறன் உள்ளே வந்து மைலோவை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"பரவால்ல. மத்தத வீட்டுல போய்ப் பேசிக்கலாம்," என்றார் அதே தாழ்ந்த குரலில். அவளுடைய இடது மணிக்கட்டைப் பிடித்தார்.

அவள் செருப்பை ஒவ்வொன்றாக மாட்டினாள். கடந்து போகும்போது ஜாவித்தின் கையைப் பற்றி எதையோ வைத்துவிட்டுப் போனாள்.

விரித்துப் பார்த்தான். சாவி. அவள் உள்ளங்கைச் சூடு அதில் இன்னும் இருந்தது.

வாசலில் அவள் ஒருமுறை திரும்பினாள்.

"யாரும் உள்ள வர முடியாதுன்னு சொன்னீங்களே, தம்பி."