பதிமூணு எங்கனருந்து வந்துச்சு?

"எக்ஸ் பதிமூணுன்னு எழுதியிருக்கியே, எங்கனருந்துலே வந்துச்சு இந்தப் பதிமூணு?"

எட்டாம் வகுப்புக் கதிரவன் எழுந்து நின்றான். "போட்டேன் சார்."

"எப்படிப் போட்ட?"

"மனசுக்குள்ள போட்டேன் சார்."

சீனிவாசகம் சார் முறுக்கு மீசையை நீவிக்கொண்டார். அவர் கொடுத்த சமன்பாடு 3(x − 4) + 5 = 2x + 6. அடைப்புக்குறியைப் பிரிக்கும்போது கதிரவன் மூன்றால் எக்ஸை மட்டும் பெருக்கிவிட்டு, நான்கை அம்போவென்று விட்டிருந்தான். அந்த வழியில் போனால் ஐந்துதான் வரும். ஆனால் அடுத்த வரியிலேயே x = 13 என்று சரியான விடை உட்கார்ந்திருந்தது. தப்பான பஸ்ஸில் ஏறியவன் சரியான ஊரில் இறங்கியிருந்தான்.

அவன் மட்டுமில்லை, வகுப்பில் முப்பத்திரண்டு பேரும் அப்படித்தான். இயற்கணிதம் ஆரம்பித்த நாளிலிருந்து ஒருவருக்கும் படிப்படியாகப் போடத் தெரியவில்லை, ஒருவருக்கும் விடை தப்பவும் இல்லை.

இத்தனைக்கும் அவை பாடப்புத்தகத்துக் கணக்குகள் அல்ல. "கைடப் பாத்து எழுதுறதும் களவாங்குறதும் ஒண்ணுலே. இது நான் ராத்திரி முழிச்சு உக்காந்து எழுதிட்டு வர்ற கணக்கு" என்பார் சார். அவருடைய நோட்டில் கேள்விகள் மட்டும்தான் இருக்கும். அந்த நோட்டும் அவர் கையை விட்டு இறங்காது.

போன வாரம் ஆசிரியர் அறையில் சாரின் வாய் சும்மா இருக்கவில்லை. "வெள்ளிக்கிழமைக்குள்ள இந்தக் களவாணித்தனத்தப் பிடிக்கலன்னா மீசைய எடுத்துடுறேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டார்.

"எடுத்துருவீகளா சார்? அப்ப திங்கக்கிழமை குரூப் போட்டோ எடுக்க ஏற்பாடு பண்ணிருதேன்" என்றார் அறிவியல் ஞானசுந்தரி டீச்சர்.

இருபத்திரண்டு வருஷத்து மீசை. மனைவி யோகலட்சுமிகூட மீசையில்லாத அவரைப் பார்த்ததில்லை. அன்றிலிருந்து சாருக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

பிள்ளைகளின் உள்ளங்கைகளைப் பார்த்தார். ஜாமெட்ரி பாக்ஸ்களைக் கொட்டினார். சன்னலைச் சாத்தினார். கண்ணுக்கு எதிரே இருக்கட்டும் என்று கடைசி பெஞ்சு ஆட்களை முதல் பெஞ்சுக்குக் கொண்டுவந்தார். முன்னால் வந்தும் அவர்கள் பத்துக்குப் பத்துதான் வாங்கினார்கள்.

நோட்டு அட்டைகளைக்கூட விடவில்லை. ஓவியாவின் அம்மா வேலுத்தாய்க்கு சிவகாசியில் ஆப்செட் கம்பெனியில் பைண்டிங் வேலை. அங்கே வீணாகிற ஷீட்டுகளைக் கொண்டுவந்து வகுப்புக்கே அட்டை போட்டுக் கொடுத்தவள் ஓவியா. ஒட்டுப்போட்ட அட்டைகள், ஒருவன் நோட்டில் பாதி சரஸ்வதி, மீதி சங்குசக்கர லேபிள். சாரின் நோட்டுக்கு, அது புதிதாக இருந்தபோதே, மரியாதையாக மயில்மேல் முருகன். பிள்ளைகளின் அட்டையை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். சாமியும் பட்டாசும்தான் இருந்தன.

இன்று வெள்ளிக்கிழமை, கடைசி வாய்ப்பு. நோட்டை நெஞ்சுக்கு நேரே விரித்துப் பிடித்து, புதிதாக ஐந்து கணக்குகளை வாசித்தார். முப்பத்திரண்டு ஜோடிக் கண்களும் அவரை விட்டு அசையவில்லை.

"சார், நோட்டை இன்னுங் கொஞ்சம் ஒசத்திப் பிடிச்சு வாசிங்க. அப்பத்தான் பின்னாடி இருக்கவுகளுக்கு நல்லாக் கேக்கும்" என்றாள் ஓவியா.

உயர்த்திப் பிடித்தார். இம்புட்டுக் கவனமாகக் கேட்கிற பிள்ளைகளையா சந்தேகப்பட்டோம் என்று மனசு உறுத்தியது. ஐந்து கணக்கும் ஒருவர் விடாமல் எல்லாருக்கும் சரி. மணி அடித்தது.

நேரே சலூனுக்குத்தான் போனார்.

"நெசமாத்தான் எடுக்கச் சொல்றீகளா சார்?" சலூன் பாலகுருவுக்குக் கை வரவில்லை. பந்தய விவகாரம் பஜார் வரைக்கும் வந்திருந்தது.

"எடுப்பா. சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்குல்ல."

கத்தரி இடதுபக்க முறுக்கை வெட்டியது. பாலகுரு கத்தியில் பிளேடு மாற்றத் திரும்பினார். சாருக்கு மனசு ஆறவில்லை. மடியிலிருந்த நோட்டை எடுத்து, வகுப்பில் பிடிப்பதுபோலவே நெஞ்சுக்கு நேரே விரித்து அந்த ஐந்து கணக்குகளையும் மறுபடி பார்த்தார். பிறகு, மிச்சமிருக்கும் முறுக்கையாவது கடைசியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தார்.

கண்ணாடியில் மீசைக்குக் கீழே முருகன் தெரிந்தார். முருகனுக்குப் பக்கத்தில், ஒட்டுப்போட்ட பின்னட்டையில், கொட்டை எழுத்தில் என்னமோ அச்சடித்திருந்தது. எழுத்துகள் இடம் வலமாக மாறித் தெரிந்ததால் நோட்டைத் திருப்பினார்.

'இயற்கணிதம்: விடைகள்.' முதல் விடை, x = 13.

அவர் முகம் போன போக்கைப் பார்த்து பாலகுரு குனிந்து எட்டிப் பார்த்தார். "ஆத்தாடி, களவாணியப் பிடிச்சுட்டீகளே சார். இப்பவே டீச்சருக்குப் போனைப் போடுங்க. ஒண்ணும் கெட்டுப்போகல, இருக்கறத ரெண்டு பக்கமும் ஒதுக்கிச் சின்ன மீசையா விட்டுருதேன்."

சார் போனை எடுத்தார். எடுத்தவர், தாளின் அடியில் அச்சாகியிருந்த கைடின் பெயரைப் பார்த்ததும் சட்டைப்பையிலேயே போட்டுவிட்டார். ஒரு மாதமாக ராத்திரி முழித்து உட்கார்ந்து அவர் கணக்குகளை வரி விடாமல் காப்பியடித்துக்கொண்டிருந்தது அதே கைடிலிருந்துதான்.

"வேண்டாம்ப்பா, முழுசா எடுத்துரு" என்றார்.