ஏழாவது குப்பி

அந்த வீட்டில் இருந்தவை ஆறு ஆடுகள். ஆய்வகத்துக்கு வந்த ரத்தக் குப்பிகளோ ஏழு.

ஆய்வக அதிகாரி அம்மாள் கொட்டிலுக்குள் குனிந்து மறுபடியும் எண்ணினார். ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம் இருந்தது. முழங்கால் அதுவரை காத்திருக்கத் தயாராக இல்லை.

"ஏழாவது எங்கய்யா?"

ரத்தம் எடுத்து அனுப்பிய ஊசிக்காரர் தலையைச் சொறிந்தார். "மேயப் போயிருக்கும் மேடம்."

"வித்துட்டோம்மா," என்றாள் வீட்டுக்காரி, அதே நேரத்தில்.

"பொய் சொல்றதுன்னா ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டுச் சொல்லுங்க," என்றார் அம்மாள் அலுப்புடன்.

ஜீப் ஓட்டுநர் சிரித்தார். "அண்ணன் ஒரே ஆட்டை ரெண்டு தடவை குத்தியிருப்பாரு மேடம். ஒரு நாளைக்கு நாப்பது குப்பி காட்டணுமில்ல? அடுத்த வீட்டுக்கு நடக்க யாருக்குத் தெம்பு இருக்கு?"

ஊசிக்காரர் மறுக்கவில்லை.

மண்ணில் வாழும் ஒரு கிருமி. மழை பெய்தால் சேற்றோடு மேலே வரும். ஆட்டுக்கும் ஏறும், ஆளுக்கும் ஏறும். வயல் வயலாகத் தோண்டித் தேடுவதைவிட, அங்கே மேயும் ஆட்டின் ரத்தத்தைப் பார்ப்பது சுலபம். அதற்காகத்தான் இந்த அலைச்சலெல்லாம். ஒரு குப்பி பொய்யானால், கிருமி எங்கெங்கே இருக்கிறது என்று போட்டு வைத்த வரைபடமே பொய்.

அம்மாள் பதிவேட்டைப் புரட்டினார். "ஆறு ஆட்டுக்கும் எல்லாம் எழுதியிருக்கே. ஏழாவதுக்கு வயசு போடலையே?"

"பல்லைப் பாக்க விடல மேடம்."

"கிடாவா, பெட்டையா? அதுவும் காணோம்."

"அது... மறந்துட்டேன்."

"பதினெட்டு வருஷமா ஆடு புடிக்கிறே. அதைப் பாக்க மறந்துட்டியா?"

வீட்டுக்குள் யாரோ இருமினார்கள். அடிவயிற்றிலிருந்து வரும், நிற்காத இருமல். வீட்டுக்காரி மெல்ல நகர்ந்து வாசலை மறைத்தாற்போல் நின்றாள்.

"யாரும்மா உள்ளே?"

"எங்க வீட்டுக்காரர். காசநோய்னு சொன்னாங்க. நாலு மாசமா மாத்திரை சாப்பிடறார்."

"குறைஞ்சிருக்கா?"

அவள் ஊசிக்காரரைப் பார்த்தாள்.

ஊசிக்காரர் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார். "நானே சொல்லிடறேன் மேடம். ஏழாவது அவரோட ரத்தம். இந்த வயல்ல மேயுற ஆட்டுக்கெல்லாம் கிருமி இருக்குன்னு போன வருஷமே வந்துச்சு. அதே சேத்துலதான் அவரும் வெறுங்காலோட நின்னார். இதைச் சோதிக்க ஆஸ்பத்திரியில வசதி இல்லையாம். நம்ம ஆய்வகத்துல ஆட்டுக்கு இருக்கு. அதான் ஆடுன்னு எழுதிட்டேன்."

"மனுஷ ரத்தம் அனுப்பக் கூடாதுன்னு உத்தரவு இருக்கு."

"தெரியும் மேடம்."

"வேலை போயிடும்."

"அதுவும் தெரியும்."

"ஊசிக்காரரை ஒண்ணும் செஞ்சிடாதீங்கம்மா," வீட்டுக்காரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நான்தான் விடாம நச்சரிச்சேன். எங்க வீட்டுக்காரர் எலும்பா போயிட்டார். இன்னொரு மாசம் தாங்க மாட்டார்."

ஓட்டுநர் சிரிப்பை எப்போதோ நிறுத்தியிருந்தார்.

அம்மாள் பதிவேட்டை மூடினார்.

"ஆட்டு ரத்தத்துல அணுவெல்லாம் பொடிசா இருக்கும். மனுஷனோடது அதைப்போல ரெண்டு பங்கு. நேத்தே பாத்துட்டேன். நீ நினைச்சதுதான், அந்தக் கிருமியேதான். இதுக்கு மருந்து வேற. ஆஸ்பத்திரிக்கும் சொல்லியாச்சு."

ஊசிக்காரர் அவரை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப இவ்வளவு நேரம் எதுக்கு மேடம் ஆட்டை எண்ணினீங்க?"

அம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஜீப்பின் படியில் உட்கார்ந்தார்.

"கேட்டா யாரு உண்மையைச் சொல்லப் போறீங்க? யாரோடதுன்னு குப்பியும் சொல்லல. கட்டிலை ஆண்கள் வார்டுல போடறதா, பெண்கள் வார்டுல போடறதான்னு டாக்டர் காலையிலேருந்து கேட்டுக்கிட்டிருக்கார்."