நாளைய பிள்ளைகள் சங்கம்

"மாமி, எழுந்திருங்க. நாளைக்குக் காலையில மரம் வெட்டுற ஆளுங்க வந்துடுவாங்க. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது!"

என்ஜினியர் குருபிரசாத் போட்ட சத்தத்தில் கிளையில் இருந்த காக்கைதான் எழுந்து பறந்தது. கனகலக்ஷ்மி மாமி அசையவில்லை. தூங்குமூஞ்சி மரத்தடியில் ஜமக்காளத்தை விரித்து, நிதானமாக மல்லிகை தொடுத்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் அவளுடைய சங்கத்துப் பெண்கள்.

சங்கத்தின் பெயர் 'நாளைய பிள்ளைகள் சங்கம்'. பெயரைக் கேட்டு ஏதோ பால்வாடி என்று நினைத்துவிட வேண்டாம். வந்து உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாருமே அறுபதைத் தாண்டியவர்கள். பூமி வருஷா வருஷம் சூடாகிக்கொண்டே போகிறது, அதைப் பற்றிப் பேச ஜப்பானில் உலக நாடுகள் எல்லாம் கூடப்போகின்றன என்று மாமி பேப்பரில் படித்தாள். அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஜப்பான்காரன் பேசி முடிக்கிறவரை மைசூர் காத்திருக்க முடியுமா? வெள்ளிக்கிழமை பஜனைக்கு வந்தவர்களை எல்லாம் பிடித்துச் சங்கத்தில் போட்டுவிட்டாள்.

இப்போது அவர்கள் தலையில் இடி விழுந்திருந்தது. தசராவுக்குள் சாலையை அகலமாக்க வேண்டுமாம். அதற்காக இந்த மரவரிசை முழுவதும் போகப்போகிறது. திட்டம் போட்டவன் குருபிரசாத். மாற்றுவதென்றாலும் அவன்தான் மாற்ற வேண்டும்.

"ஏம்ப்பா, மரத்தை நடுவுல விட்டுட்டு ரெண்டு பக்கமும் ரோடு போடேன். அந்தப் பக்கம் காலி மைதானம்தானே?" என்றாள் மாமி.

"போடலாம் மாமி. ஆனா பிளானை முழுசா மாத்தணும். ராத்திரி பகல்னு பார்க்காம வேலை செய்யணும். யாருக்காக?"

"இனிமே பிறக்கப்போற குழந்தைகளுக்காக. நான் கல்யாணம் ஆகி இந்த ஊருக்கு வந்தப்போ ஆத்துல ஃபேனே கிடையாது. இப்போ மார்ச் வந்தா ஃபேனுக்கு அடியில உட்கார்ந்தும் வேர்க்கறது. அதுகள் காலத்துல எப்படி இருக்குமோ!"

"எங்க காலம் முடிஞ்சு போச்சுங்க தம்பி," என்றாள் பக்கத்தில் இருந்த பூவாத்தாள். கொள்ளேகாலில் இருந்து மகனோடு வந்து மைசூரில் தங்கிவிட்டவள். "நெழல் எங்களுக்கா கேக்கறோம்?"

"ஐயோ, எங்க வீட்லயும் இதே பாட்டுதான்! உங்க சங்கத்துல இருக்கற ஒரே சின்ன வயசுக்காரி என் மனைவி மேகனா ஆச்சே. காபி ஆறிப்போச்சுன்னு சொன்னா, உலகமே சூடாகுது, உங்க காபி ஆறினா என்னன்னு கேக்கறா!"

மரத்தடியே குலுங்கிச் சிரித்தது.

"அவளை எங்க காணோம்?" என்றான் குருபிரசாத்.

"இன்னிக்கு அவளுக்கு லீவு குடுத்திருக்கேன்," என்றாள் மாமி. பூவாத்தாளுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

குருபிரசாத்துக்குப் பொறுமை போய்விட்டது. தமிழோடு கன்னடமும் கலந்து வந்தது. "சும்னே பிறக்காத குழந்தை, பிறக்காத குழந்தைன்னா எப்படி மாமி? அதுக்குப் பேர் உண்டா, ஊர் உண்டா? ஒரே ஒரு குழந்தையைக் காட்டுங்க. இதுக்காகத்தான் கேக்கறோம்னு காட்டுங்க. ஒரு கிளையைக்கூடத் தொடமாட்டேன்!"

மாமியின் கை நின்றது. "நிஜமாவா சொல்றே?"

"சாமுண்டி மேல சத்தியம்!"

"எல்லாரும் கேட்டுண்டேளா?"

"கேட்டுட்டோமுங்க!" என்றாள் பூவாத்தாள், எல்லாருக்கும் சேர்த்து.

"சரிப்பா, காட்டறோம். ஏப்ரல் வரைக்கும் டைம் குடு."

"ஏப்ரலா? தசரா அடுத்த மாசம் மாமி!" அவன் தலையில் அடித்துக்கொண்டான். "உங்ககிட்ட பேசி ஜெயிக்க முடியாது. ஆயித்து, நான் கிளம்பறேன். நாளைக்குப் பெரிய அதிகாரி வர்றார், சலூனுக்குப் போகணும்."

"வேண்டாம்ப்பா!" மாமி பதறிப்போனாள். "முடியெல்லாம் வெட்டிக்காதே!"

"மரத்தையும் வெட்டக் கூடாது, முடியையும் வெட்டக் கூடாதா? நல்ல சங்கம் போங்க!"

பெண்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். எதற்கு இத்தனை சிரிப்பு என்று அவனுக்கு விளங்கவில்லை. மாமி தொடுத்து முடித்த மல்லிகைச் சரத்தை இலையில் சுற்றி அவன் கையில் கொடுத்தாள். "மேகனாவுக்குக் குடு."

இன்று செவ்வாய்க்கிழமை என்பது சலூனின் மூடிய கதவைப் பார்த்த பிறகுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது. கடுகடுவென்று வீட்டுக்கு வந்தான். பூவை மேகனாவிடம் நீட்டிவிட்டு, நேரே போன் பக்கம் போய் ரிசீவரை எடுத்தான்.

"யாருக்கு?" என்றாள் மேகனா.

"கான்ட்ராக்டருக்கு. காலையில ஆளுங்களை நேரத்தோட அனுப்பச் சொல்லணும்."

அவள் விரலை வைத்துப் போனைத் துண்டித்தாள். "வர வேண்டாம்னு சொல்லுங்க. மாமி இப்பத்தான் பேசினாங்க. நீங்க சத்தியம் பண்ணினீங்களாமே?"

"அவங்க குழந்தையைக் காட்டட்டும், பார்க்கலாம்."

மேகனா சிரித்தபடி அவன் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்தாள்.

"காலையிலதான் டாக்டரம்மா சொன்னாங்க. கூட வந்த மாமிகிட்ட, உங்களுக்கு நான்தான் முதல்ல சொல்லணும்னு வார்த்தை வாங்கிட்டேன். அப்பாவாகப் போறவர் மரமும் வெட்டக் கூடாதாம், முடியும் வெட்டக் கூடாதாம். மத்தபடி நீங்க கேட்ட குழந்தையை ஏப்ரல்ல காட்டறேன்."