நூற்றோராவது வழி

குற்றாலத்தில் சீசன் வேன்களுக்குச் தூரம் குறைந்த வழி தேட ஜெனி கணினியில் ஒரு மரபணு அல்காரிதம் எழுதியிருந்தாள். நிரலுக்குள் வண்டி ஓர் ஆப்ஜெக்ட், வழி ஓர் ஆப்ஜெக்ட். தலைமுறைக்கு நூறு வழிகள். நீளமானவை அழிந்துவிடும், மிஞ்சியவை இரண்டிரண்டாகக் கலந்து அடுத்த நூறைப் பெறும்.

இன்று காலை ஓடவிட்டபோது திரையில் நூற்றொன்று இருந்தது. கூடுதல் வழிக்குப் பெற்றோர் இல்லை. இருப்பதிலேயே நீளமானது அதுதான், ஆனாலும் அழியவில்லை. அந்த வழியில் ஓடிய வண்டி, அவள் அண்ணன் கிங்ஸ்லியுடையது. போன சீசனில் ஐந்தருவிக்குச் சவாரி போன அண்ணனும் வேனும் இன்னும் திரும்பவில்லை. அந்த வண்டியை அவள் பட்டியலில் சேர்க்கவே இல்லை.

முதல் தலைமுறையில் அந்த வழி ஐந்தருவியிலேயே முடிந்தது. நாற்பதாவதில் குற்றாலம் பஜார். எண்பதாவதில் மேலகரம், அவர்கள் தெருமுனை.

"அம்மா, அண்ணனுக்கும் சேத்து உலை வச்சிட்டியா?"

"தெனமும் வைக்கத்தான செய்யுதேன். ஏட்டி, இன்னைக்கு என்ன புதுசா கேக்க?"

ஜெனி நிறுத்துவதற்கான பொத்தான்மீது விரலை வைத்திருந்தாள். அழுத்தவில்லை.

நூறாவது தலைமுறை முடிந்தது. எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள். தெருவெங்கும் சாரல் விழுந்துகொண்டிருந்தது. வாசலுக்கு நேரே, ஒரு வேன் நிற்கும் அளவுக்கு, தரை நனையாமல் இருந்தது.